நீர்மேல் ஒரு குடியிருப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

    

கவிதையுலகில் படகு மிகப் பழைய குறியீடு. ஆற்று வெள்ளத்தின் போக்கில் செல்லும் புணையாக மாந்தர்தம் உயிரைக் கண்டார் கணியன் பூங்குன்றனார். பிறவியைக் கடலாகவும் இறைவன் திருவடியைத் தெப்பமாகவும் கண்டனர் சமயக் கவிஞர். அண்மைக்காலப் புதுக்கவிதையிலோ படகு விடுதலையின் வடிவமாகிவிட்டது. கட்டவிழ்ந்த ஓடம், துடுப்பிழந்த தோணி, கரை காணாப் பயணம் என இப்படிமங்கள் பெருகியுள்ளன. இவை அனைத்திலும் படகு செல்வதற்கே உரியது. எவரும் அதில் குடியிருப்பதில்லை, அடுப்பு மூட்டுவதில்லை, துணி உலர்த்துவதில்லை.

படகிலேயே உண்டு உறங்கி வாழ்வோர் உலகில் பலர் உளர். அவர்கள் வாழ்வை வைத்து நோக்கின் இப்படிமம் எந்த அளவு நிற்கும்? இவ்வினாவை ஆராய ஏற்றதொரு நாடு பிரான்சு. படகு செல்லத்தக்க ஆறும் கால்வாயுமாக ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர் நீர்வழியை அந்நாட்டின் நீர்வழி நிறுவனம் பேணி வருகிறது. அவ்வழிகளில் சரக்குப் படகோட்டிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்களுக்குப் பின்னர் ஓய்வு பெற்றோரும் ஓவியரும் எழுத்தாளரும் கைத்தொழிலாளரும் வந்து குடியேறினர். அவர்கள் வாழ்வை நெருங்கிக் காண்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். படகு வீடாவது அது கட்டப்படும்போதுதான். அவ்வுண்மையை விரித்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

ஊரும் நீரும்

பர்கண்டி எனப் பலரும் அறிந்த பூர்கோஞ் பகுதியில், சோன் ஆற்றங்கரையில் அமைந்தது சேன் ழான் த லோன் என்னும் சிற்றூர். ஏறத்தாழ ஆயிரம் பேரே வாழும் ஊர். நிலப்பரப்பிலும் மிகச் சிறியது. 1636ஆம் ஆண்டில் பேரரசுப் படை முற்றுகையிட்டபோது, சிறு காவற்படையும் ஊர்மக்களும் எதிர்த்து நின்று ஊரைக் காத்தனர் என்பது அதன் பழம்பெருமை. ஆயினும் இவ்வூருக்குப் புகழ் தந்தது நீரே.

பூர்கோஞ் கால்வாய் சோன் ஆற்றோடு கலக்குமிடம் இது. 1775இல் தொடங்கப்பெற்று, 1832இல் முழுமையுற்ற அக்கால்வாயின் நீளம் 242 கிலோமீட்டர். அதில் 189 மதகுகள் உள்ளன. இம்மதகு நீரைத் தடுக்கும் வெறும் தடுப்பன்று. முன்னும் பின்னும் கதவுகள் கொண்ட ஓர் அறை. படகு உள்ளே புகுந்ததும் கதவை அடைத்து நீரை நிறைத்தால் படகு உயரும்; நீரை வடித்தால் தாழும். படிக்கட்டில் மனிதன் ஏறுவதுபோல் படகு மலை ஏறும் வழி இது. சோன் கரையிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுரங்கம் ஒன்றைக் கடந்து, மறுபுறம் இறங்கி யோன் ஆற்றை அடைவர். ரைன் ஆற்றுக்குச் செல்லும் கால்வாயும் இவ்வூருக்கு அண்மையிலேயே தொடங்குகிறது.

இங்ஙனம் பல நீர்வழிகள் கூடும் இடமாதலின், இவ்வூரில் படகுகள் தங்குதற்கென ஒரு பெரிய நீர்நிலை உண்டு. புகைவண்டி நிலையத்துக்கு வழங்கும் சொல்லையே கொண்டு அதனை நீர்நிலையம் எனும் பொருள்படப் பிரெஞ்சுக்காரர் வழங்குகின்றனர். படகு பழுதுபார்ப்போர், கயிறும் நங்கூரமும் விற்போர், படகைக் கரையேற்றி வண்ணம் பூசுவோர் எனப் பலர் இங்குத் தொழில் புரிகின்றனர். ஆண்டுதோறும் சூன் திங்களில் படகுகளை வாழ்த்தி ஆசியளிக்கும் திருவிழாவும் நடைபெறுகிறது. படகில் குடியேற எண்ணுவோர் பலர் முதலில் நாடும் ஊர்களுள் இதுவும் ஒன்றாதலின் வியப்பில்லை.

அகலமே விதி

அங்கே கட்டப்பட்டுள்ள படகுகளுள் ஒருவகை உடனே கண்ணைக் கவரும். நீண்டு, மிக ஒடுங்கி, அம்புபோல் தோன்றும் அது. இங்கிலாந்தில் நேரோபோட் எனப்படுவது. நீளம் 20 மீட்டரையும் கடக்கலாம். அகலமோ இரண்டு மீட்டரைச் சிறிதே கடக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பொறியாளர் சேம்சு பிரிண்ட்லி தம் கால்வாய்களின் மதகுகளை ஏறத்தாழ ஏழடி அகலத்தில் அமைத்தார். மதகின் அகலம் எதுவோ அதுவே படகின் அகலம் ஆயிற்று. படகின் அகலம் எதுவோ அதுவே அதில் பிறந்து வளர்ந்த குழந்தையின் உலகத்து அகலமும் ஆயிற்று.

பிரான்சின் அளவு வேறு. பொதுப்பணி அமைச்சராயிருந்த ஃபிரேசினே 1879இல் கொணர்ந்த சட்டம், மதகறையின் நீளம் 38.5 மீட்டர், அகலம் 5.2 மீட்டர் என வரையறுத்தது. அவ்வறையில் கைகடந்து செல்லாதபடி கட்டப்பெற்றதே 'பெனிஷ்' எனும் பிரெஞ்சுச் சரக்குப் படகு. மதகுச் சுவருக்கும் படகுக்கும் இடையே இருபுறமும் ஒரு சாண் இடைவெளியும் இராது. ஆங்கிலப் படகு அதே மதகில் நுழையும்போது, பெரிய பானையில் இட்ட சிறு கரண்டிபோல் அலைகிறது. நீர் பாய்ந்து உள்ளே புகும்போது கயிற்றைச் சுற்றிப் பிடித்து நிற்பவர் சற்றே அயர்ந்தாலும் படகு குறுக்கே திரும்பிவிடும்.

எனினும் ஒடுங்கிய படகு பிரான்சுக்கு முற்றிலும் அயலானதன்று. அந்நாட்டின் நடுப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பெற்ற பெரி கால்வாயின் மதகுகள் 2.70 மீட்டர் அகலமே உடையவை. அதற்கெனக் கட்டப்பெற்ற மரப்படகுகளில் நடுவே ஒரு தொழுவம் இருக்கும். பகலெல்லாம் கரைப்பாதையில் படகை இழுத்த கழுதையோ கோவேறு கழுதையோ இரவில் அத்தொழுவத்தில் உறங்கும். அதையடுத்த சிற்றறையில் படகோட்டியும் மனைவியும் குழந்தைகளும் உறங்குவர். 1955இல் அக்கால்வாய் போக்குவரத்துக்கு மூடப்பட்டது.

ஆங்கிலப் படகுகள் பெரும்பாலும் சுமையுந்தில் ஏறிப் பிரான்சுக்கு வந்து சேர்கின்றன. அமைதியான கால்வாய்க்கெனத் தட்டையான அடிப்பாகத்தோடு கட்டப்பட்டவை அவை. கடலுக்கு உரியன அல்ல. அவ்வாறிருந்தும் டெர்ரி டார்லிங்டன் எனும் ஆங்கிலேயர் தம் மனைவி மோனிகாவோடும் வளர்ப்பு நாயோடும் 'ஃபிலிசு மே' எனும் ஒடுங்கிய படகிலேயே ஆங்கிலக் கால்வாய்க் கடலைக் கடந்து, பிரான்சின் தென்கோடியில் உள்ள கார்க்கசோன் வரை சென்றார். 2005இல் வெளிவந்த அவருடைய பயணநூல் பலரைப் படகின்பால் ஈர்த்தது.

குடியேறும் முறை

நூலைப் படித்து ஈர்க்கப்பட்டு வருவோரைப் படகு முதலில் வரவேற்பதில்லை, அளக்கிறது. உள்ளே நிற்கும் இடம் ஏறத்தாழ ஆறடி அகலம். ஒருவர் அடுப்பருகே நின்றால் மற்றவர் கடந்து செல்ல இயலாது. இருவருள் ஒருவர் உட்கார வேண்டும். அல்லது வெளியேற வேண்டும். கணவன் மனைவியரிடையே ஊடல் எழுந்தால் சென்று கதவடைத்துக்கொள்ள வேறோர் அறை இல்லை. எனவே படகில் வாழ்வோர் பேச்சினும் பேசாமையை மிகுதியாகக் கற்கின்றனர் எனலாம்.

அடுத்துக் கற்பது எடை. நிலத்து வீட்டில் பொருளை எங்கு வைத்தாலும் வீடு சாய்வதில்லை. இங்கே நூலடுக்கை ஒருபுறம் நிறைத்தால் படகு அப்புறமே சாயும். மேசைமேல் வைத்த எழுதுகோல் உருண்டோடும். அடித்தளத்தில் இட்டுள்ள பாரச்சுமையை மாற்றி வைத்தே நேராக்க வேண்டும். இடப்புறம் பேரகராதியை வைத்தவர் வலப்புறம் ஒரு காப்பியத்தையேனும் வைத்தாக வேண்டும். எழுத்துக்கு எடை உண்டு என்பதை இத்துணைத் தெளிவாக உணர்த்தும் இடம் வேறில்லை.

பின்னர்த் தண்ணீர். சுற்றிலும் நீர் சூழ்ந்திருப்பினும் குடிநீர் என்பது தொட்டியில் உள்ள அளவே. கரைக்குழாயில் குழாய் மாட்டித் தொட்டியை நிறைக்க வேண்டும். தொட்டி வற்றும் நாளை முன்னரே கணிக்க வேண்டும். மின்சாரமும் அவ்வாறே, கூரைமேல் வைத்த சூரியத் தகடும் மின்கலங்களும் தரும் அளவுக்கு மேல் விளக்கெரியாது. கழிவையும் தாமே சுமந்து சென்று, அதற்கென உள்ள இடத்தில் கொட்ட வேண்டும். நகரவாழ்வில் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்தோடும் இவை யாவும் படகில் கண்முன் நிற்கின்றன. ஒருநாள் வாழ்வுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கை அறிந்துகொள்கிறது.

பூர்கோஞ் நாட்டுக் குளிர்காலம் கடுமையானது. படகின் சுவர் இரும்புத் தகடு. பக்கங்களில் அதன் தடிப்பு ஆறு மில்லிமீட்டர் அளவே. வெளியே உறைபனி, உள்ளே விறகடுப்பு. மூச்சுக்காற்றும் சமையலின் ஆவியும் குளிர்ந்த சன்னலில் நீர்த்துளிகளாகி வழியும். படுக்கையின் அடிப்பாகம் ஈரமாகும். சாளரத்தைச் சற்றே திறந்துவைத்து அடுப்பெரிக்க வேண்டும். காற்றை அடைத்துவிட்டால் அடுப்பின் நச்சுப்புகை உயிரைப் போக்கும். வெப்பத்தை வெளியே விட்டுத்தான் வெப்பத்தைப் பெற வேண்டும் என்னும் இந்த முரணைப் புதியவர்கள் முதற் குளிர்காலத்திலேயே அறிந்துகொள்கின்றனர்.

நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் இரும்பு அரிந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்க அடிப்புறத்தில் மக்னீசியக் கட்டிகளைப் பொருத்துவர். அரிப்பு இரும்பை விட்டு அக்கட்டிகளைத் தின்னும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றிக் கீல் பூசி, கரைந்த கட்டிகளை மாற்றுவர். ஒரு பொருள் தான் தேய்ந்து மற்றொன்றைக் காக்கிறது என்னும் செய்தி இங்கே உவமை ஆகாது, தொழில்முறையே அதுதான்.

கயிறும் வெள்ளமும்

இவை யாவற்றினும் முதன்மையானது கயிறு. படகைக் கரையில் உள்ள இரும்புக் கட்டுத்தூணில் முன்னும் பின்னுமாகக் கட்டுவர். புதியவர் இயல்பாகவே இறுக்கிக் கட்டுவார். அசையாமல் இருந்தால் பாதுகாப்பு என எண்ணுவார். கால்வாயில் அது ஓரளவு பொருந்தும். அங்கே நீர்மட்டம் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆற்றில் பொருந்தாது.

சோன் மென்மையாகப் பாயும் ஆறு. அதன் வெள்ளமும் மெல்லவே ஏறும், அகன்று பரவும், மெல்லவே வடியும். 1840ஆம் ஆண்டு நவம்பரில் பெருகிய வெள்ளம் அவ்வாற்றங்கரை ஊர்களின் நினைவில் இன்றும் நிற்பது. குளிர்கால இரவொன்றில் நீர் ஏறத் தொடங்கினால், இறுக்கிக் கட்டிய கயிறு படகை மேலெழ விடாது. ஒருபுறம் தாழ்ந்து, நீர் உள்ளே புகுந்து படகு மூழ்கும். நீர் வடியும்போதும் இறுக்கிய கயிறு படகைக் கரைச்சுவரில் தொங்கவிட்டுக் கவிழ்க்கும். அதற்கு அஞ்சிக் கயிற்றை மிகவும் தளர்த்தினால், வெள்ளம் படகைக் கரைமேல் ஏற்றிவிடும். வடிந்தபின் படகு கரையிலேயே சாய்ந்து கிடக்கும்.

ஆதலின் வெள்ளக் காலத்தில் படகினர் உறங்குவதில்லை. மணிக்கொருமுறை எழுந்து கயிற்றை ஒரு முழம் தளர்த்துவர் அல்லது இழுப்பர். வெளியூர் சென்றவரின் படகுக் கயிற்றை அடுத்த படகினர் கவனித்துக்கொள்வர். இஃது எழுதப்படாத விதி. புதிய படகொன்று வந்து சேரும்போது, பெயர் கேட்பதற்கு முன்னரே யாரேனும் ஒருவர் வெளிவந்து கயிற்றை வாங்கிக் கட்டுவார். நட்பு அக்கயிற்றிலிருந்தே தொடங்குகிறது. ரொட்டிக் கடைக்குள் நுழையும்போது அனைவருக்கும் பொதுவாக வணக்கம் கூறாதவரை ஊரார் நெடுநாள் அயலாராகவே கருதுவர். பிறர் கயிற்றைக் கவனிக்காதவரைப் படகினரும் அவ்வாறே கருதுவர்.

இடத்தின் உரிமை

படகு வாங்கியவர் வீடு வாங்கியவராகார். படகு அவருடையது, படகின் அடியில் உள்ள நீரோ அரசினுடையது. நீர்வழியின் ஓரிடத்தில் நிலையாகத் தங்குதற்கு இசைவு பெற வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. அவ்விசைவு குறிப்பிட்ட காலத்துக்கே உரியது, மீளப் பெறத்தக்கது. படகை விற்றால் படகு மட்டுமே வாங்கியவர்க்குப் போகும். தங்கும் இடம் தானாகப் போகாது. எனவே பிரான்சில் படகினும் அரிய பொருள் அது கட்டப்படும் இடமே. பெருநகர்களில் இடத்துக்காகப் பல்லாண்டு காத்திருப்போரும் உளர்.

இங்கிலாந்திலிருந்து வருவோர்க்கு மற்றொரு தளையும் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து அந்நாடு விலகியமையால், 2021 சனவரி முதல், நெடுங்கால இசைவு பெறாத ஆங்கிலேயர் 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் அங்குத் தங்க இயலாது. நீர்மேல் வாழ்ந்தாலும் நாட்கணக்கு நிலத்துச் சட்டத்தினுடையதே. எல்லையற்ற வாழ்வை நாடிப் படகேறியவர், தம் வாழ்வு முழுதும் எல்லைகளால் ஆனதென அறியும் இடம் இது.

முன்னர் வாழ்ந்தோர்

இன்று மகிழ்ச்சிக்காகப் படகேறுவோர், பிழைப்புக்காகப் படகேறியோரின் இடத்தில் வாழ்கின்றனர் என்பதை மறத்தலாகாது. புகைவண்டி வந்து சரக்குக் கூலி குறைந்தபோது, வாடகை கொடுத்துக் கரையில் வீடு வைத்திருக்கப் படகோட்டிகளால் இயலவில்லை. மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டனர். மனைவி சுக்கான் பிடித்தாள். கூலிக்கு ஆள் வைக்க வேண்டாவாயிற்று. விலங்கு வாங்க இயலாத குடும்பங்களில் தோளில் வார் மாட்டிப் படகை இழுத்தவர்கள் கணவனும் மனைவியும் பிள்ளைகளுமே. நடக்கக் கற்கும் குழந்தை நீரில் விழாதிருக்க இடுப்பில் கயிறு கட்டித் தளத்தில் விடுவர். பள்ளி வயது வந்த குழந்தையோ விடுதிக்குச் செல்ல வேண்டும்; பெற்றோர் எந்த ஊரில் இருக்கின்றனர் என்பதை அது அறியாது. படகு வாழ்வின் துயரங்களுள் இப்பிரிவே பெரிது.

பாரிசுக்கு அண்மையில், சேன் ஆறும் வாசு ஆறும் கூடுமிடத்தில் உள்ள கோன்ஃபிளான் சேந்த் ஓனோரின் எனும் ஊர் படகோட்டிகளின் தலைநகரெனப் புகழ்பெற்றது. சிமெண்டுக் காரையால் கட்டப்பெற்ற பெரும்படகு ஒன்று 1936 முதல் அங்குக் கோயிலாக விளங்குகிறது. 'யான் பணி செய்கிறேன்' என்பது அதன் பெயரின் பொருள். படகோட்டிக் குடும்பங்களின் திருமணமும் நீத்தார் கடனும் அங்கு நடந்தன. வேலையற்றோர்க்கு அங்கு உணவும் கிடைத்தது. 2010களில் புகலிடம் தேடி வந்த திபெத்தியர் பலர்க்கும் அவ்விடம் துணை நின்றது. வீடிழந்தோர்க்கு மிதக்கும் வீடொன்று அடைக்கலமாயிற்று.

பிரெஞ்சு மொழியில் கால்வாயைப் பழுதுபார்ப்பதற்காக மூடுங் காலத்தைக் குறிக்கும் சொல்லும், தொழிலாளி வேலையின்றி இருத்தலைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. படகை உடைப்பதற்கு அம்மொழியில் வழங்கும் சொல்லுக்குக் 'கிழித்தல்' என்பது பொருள். 1989இல் ஐரோப்பியச் சமூகம் மிகுதியான சரக்குப் படகுகளைக் குறைக்கும் பொருட்டு, அவற்றை உடைப்போர்க்கு உதவித்தொகை வழங்கும் விதியை இயற்றியது. தாம் பிறந்த அறையையும் தம் பிள்ளைகள் பிறந்த அறையையும் தொகை பெற்றுக்கொண்டு கிழிக்கக் கொடுத்தவர்கள் பலர். எஞ்சிய படகுகள் சிலவற்றை வாங்கிக் குடியிருப்பாக மாற்றியோர், அறிந்தோ அறியாமலோ ஒரு தொழிலின் நினைவைக் காத்தனர். அவ்வகையில் அவர்களுக்கு நன்றி உரியது. ஆயினும், அழகிய பூந்தொட்டிகள் நிற்கும் அத்தளத்தில் முன்பு நிலக்கரியும் மணலும் கொட்டப்பட்டன என்பதை அவர்களும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கலைஞரும் படகும்

கலைஞர்களை இவ்வாழ்வு நெடுங்காலமாக ஈர்த்துவந்துள்ளது. ஓவியர் தொபிஞி 1857இல் ஒரு படகைத் தம் ஓவியக் கூடமாக அமைத்துக்கொண்டு சேன், உவாசு ஆறுகளில் உலவினார். அவர் வழியில் குளோது மோனே அர்ழாந்தேய் ஊரில் ஒரு படகுக் கூடம் அமைத்தார். அப்படகில் அமர்ந்து அவர் தீட்டுவதை 1874இல் மானே ஓவியமாக வரைந்தார். கரையிலிருந்து காண இயலாத நீரின் ஒளியை நீரின் மட்டத்திலேயே அமர்ந்து கண்டமை அவர்தம் கலைக்குப் புதுமை தந்தது.

ஆங்கில எழுத்தாளர் இராபர்ட் லூயி சுடீவன்சன் 1876இல் நண்பர் ஒருவரோடு சிறு ஓடங்களில் பெல்சியத்திலிருந்து வடபிரான்சின் வழியே பயணம் செய்தார். 1878இல் அது நூலாயிற்று. சரக்குப் படகுகளில் வாழ்வோரைக் கண்டு அவர் பெரிதும் விழைந்தார். அவரும் நண்பர்களும் மோரே என்னும் ஊரில் ஒரு படகை வாங்கி, 'கொலோன் நகரின் பதினோராயிரம் கன்னியர்' எனப் பெயர் சூட்டி, அதில் கலைஞர் குடியிருப்பொன்றை நிறுவக் கனவு கண்டனர். கனவு கனவாகவே நின்றது. அழகுசெய்யப்பெற்ற படகு அங்கேயே நீரில் கிடந்து உளுத்தது. கூலி பெறாத தச்சர் ஒருவர் அதனை விற்றுவிட்டார். சுடீவன்சன் செலுத்திய ஓடமும் நண்பரின் ஓடமும் உடன் விலைபோயின. பெயர் சூட்டப் பலர் இருந்தனர். நாள்தோறும் கயிற்றைக் கவனிக்க ஒருவர் இல்லை. இலக்கிய அமைப்புகள் பத்தாண்டு நிற்பதும் நில்லாமையும் எதனால் என்பதற்கும் இஃது ஒரு சான்றாகும்.

சோர்சு சிமனோன் 1928இல் சிறு படகொன்றில் மனைவியோடு பிரான்சின் கால்வாய்களைச் சுற்றிவந்தார். கரையில் மேசை போட்டுத் தட்டச்சில் கதை எழுதினார். மறு ஆண்டில் பெரிய படகொன்றைக் கட்டுவித்து அதிலேயே வாழ்ந்து எழுதினார். 1931இல் அவர் வெளியிட்ட துப்பறியும் புதினம் ஒன்று, படகிழுக்கும் குதிரைகளை நடத்திச் செல்லும் ஒருவனை மையமாகக் கொண்டது. மதகின் சேறும், ஈர வைக்கோலின் மணமும், விடியலில் படகுகள் புறப்படும் ஓசையும் அதில் உள்ளன. வாழ்ந்தறிந்தவர் எழுத்து அது.

இவற்றினும் ஆழமானது சான் விகோ 1934இல் இயக்கிய 'அத்தலாந்து' எனும் திரைப்படம். சிற்றூர்ப் பெண்ணொருத்தி திருமணம் முடிந்ததும் கோயிலிலிருந்து நேரே கணவனின் சரக்குப் படகுக்கு வருகிறாள். திருமண உடையோடு மரச்சட்டம் ஒன்றைப் பற்றியபடி படகுக்குள் இறக்கப்படுகிறாள். நிலப்பேழையைத் திறந்தால் அழுக்குத் துணிக் குவியல்; படுக்கையில் பூனை ஈன்ற குட்டிகள். அவள் துவைக்கத் தொடங்குகிறாள். குடியேறுதல் என்பதை இதனினும் நேராகக் காட்ட இயலாது. பாரிசு காணும் ஆசையில் அவள் இறங்கிச் செல்கிறாள். சினத்தில் கணவன் படகைச் செலுத்திவிடுகிறான். இருவரும் துன்புறுகின்றனர். இறுதியில் படகின் முதிய பணியாளே அவளைத் தேடிக் கொணர்கிறான். படம் வெளிவந்த சின்னாட்களில், 29ஆம் வயதில், விகோ மறைந்தார். படகு தரும் விடுதலையை அவர் பாடவில்லை. ஒடுங்கிய இடத்தில் இருவர் ஒருவரையொருவர் தாங்கக் கற்பதையே காட்டினார்.

துறை என்னும் சொல்

இச்செய்திகள் தமிழ்க் கவிஞர்க்கு எதனை உணர்த்தும்? தமிழில் துறை என்பது மக்கள் நீரில் இறங்கும் இடம்; படகு வந்து நிற்கும் இடம். அகமும் புறமும் பாடிய புலவர் பாடற்பொருளின் உட்பிரிவையும் துறை என்றே வழங்கினர். பரந்த பொருளுக்குள் புலவன் இறங்குதற்கு அமைந்த குறித்த இடம் அது. நீர் முழுதும் ஒருவனுக்கு எட்டாது, துறை எட்டும். சேன் ழான் த லோனில் இசைவு பெற்ற இருபது மீட்டர்க் கரைதான் படகினனுக்கு ஆறு முழுவதையும் தருகிறது.

உப்பை விற்று நெல்லோடு மீண்ட படகுகள் கழிக்கரையில் நிரையாகக் கட்டப்பட்டு நிற்பதைப் பட்டினப்பாலை ஆசிரியர், இலாயத்தில் கட்டிய குதிரைகளுக்கு ஒப்பிட்டார். கட்டிய குதிரையில் வேகம் இல்லாமற் போவதில்லை. அது மறுநாளைக்கெனத் தங்கியிருக்கிறது. கட்டப்பட்ட படகையும் அவ்வாறு காண இயன்றது அப்பெரும்புலவர்க்கு. கட்டவிழ்ந்த ஓடத்தையே மீண்டும் மீண்டும் பாடும் இக்காலக் கவிதை, கட்டிய படகினுள் எரியும் விளக்கையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் வேண்டும்.

மரபுக்கும் புதுமைக்கும் இடையே இவ்வரங்கில் பத்தாண்டுகளாக நடந்துவரும் விவாதத்திலும் கயிற்றின் நீளமே பொருள் எனலாம். யாப்பை இறுக்கினால் வெள்ளம் வரும்போது கவிதை மூழ்கும். முற்றிலும் தளர்த்தினால் வடிந்தபின் கரையில் சாய்ந்து கிடக்கும். எத்துணை முழம் விட வேண்டும் என்பதற்கு நிலையான விதி இல்லை. இரவில் எழுந்து நீரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவ்வாறு எழுந்து பார்ப்போர் சிலர் வட்டத்தில் உள்ளவரை இது நிலைபெறும். பதினோராம் ஆண்டும் நல்ல நீரில் தொடங்குக!